வடைக்கு ஒரு அடி

பழனிசாமியின் மரியாதை

"ஏனுங்கக்கா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க. நான் மன்னிப்புக் கேட்டுப்போட்டேன். நீங்க ஒண்ணும் பயந்துக்காதீங்க."

போனில் பழனிசாமி இப்படித்தான் ஆரம்பித்தார். வீடியோ எடிட்டிங்கிலேயே நரைத்த தலை என்னுடையது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வாடிக்கையாளர் ஒருவர் 'பயந்துக்காதீங்க' என்று சொன்னால் கையில் இருக்கும் வேலையை சேவ் செய்துவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள்.

பழனிசாமிக்கும் அவர் மனைவி பரமேஸ்வரிக்கும் கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்குடோன் உண்டு. விசைத்தறிகள் வரிசையாக ஓடும் நீளமான ஷெட். ஜவுளிக்காரர் ஒருவர் பாவும் நூலும் தருவார், இவர்கள் கூலிக்கு நெய்து கொடுப்பார்கள். பரமேஸ்வரி ஒரு நாள் செல்போனை ஸ்டாண்டில் வைத்து, தறி ஓடுவதைப் படம் பிடித்து வீடியோ தளத்தில் போட்டார். சும்மா விளையாட்டாகத்தான். பார்த்தால், எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். 'எங்கப்பாவும் தறி ஓட்டினார், இந்தச் சத்தம் கேட்டால்தான் கண் சொக்குகிறது' என்று கமெண்ட் எழுதுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாத இடம் அது. அந்தச் சத்தத்தில் ஒருவருக்குத் தூக்கம் வரும் என்பதை நான் நம்பவே இல்லை, வந்த கமெண்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான் நம்பினேன்.

அதன் பிறகு சேனலை ஒழுங்காக நடத்த வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்கள். வெட்டி ஒட்டி, சத்தத்தைச் சரிசெய்து, தலைப்புப் போட்டுத் தருவது என் வேலை. அவர்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்தது, ஒரே ஒரு தறி இடைவிடாமல் ஓடும் ஒரு நீண்ட வீடியோ. அதில் நாங்கள் பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. இசை, பேச்சு எதுவும் கிடையாது.

அந்த வீடியோவுக்குத்தான் காப்பிரைட் கிளைம் வந்திருந்தது. 'இரும்பு மழை' என்ற பாட்டின் ஒரு பகுதி உங்கள் வீடியோவில் இருக்கிறது, ஆகவே இதன் விளம்பர வருமானம் இனி அந்தப் பாட்டின் உரிமையாளருக்குப் போகும் என்று ஒரு மியூசிக் கம்பெனியின் பெயரில் அறிவிப்பு. இதை மனிதர் யாரும் உட்கார்ந்து கேட்டு அனுப்புவதில்லை. தளத்தில் இருக்கும் மெஷின் ஒரு சத்தத்தை இன்னொரு சத்தத்தோடு பொருத்திப் பார்த்துத் தானாக அனுப்பும். நம் பக்கம் நியாயம் இருந்தால் டிஸ்ப்யூட் செய்யலாம், அதாவது மறுப்பு எழுதலாம்.

மறுப்பு எழுத வேண்டிய அந்த இடத்தில் பழனிசாமி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இப்படி எழுதி அனுப்பியிருந்தார்: 'அய்யா அவர்களுக்கு வணக்கமுங்க. எங்களுக்குத் தெரியாமல் ஏதாவது தவறு நடந்திருந்தால் பெரிய மனது பண்ணி மன்னிச்சுக்கோங்க.'

"நாம என்னங்க தப்பு பண்ணோம், மன்னிப்புக் கேக்கறதுக்கு?"

"ஒண்ணும் பண்ணலீங்க்கா. ஆனா அவங்க மனசு சங்கடப்பட்டுத்தான எழுதிருக்காங்க? ஒரு வார்த்தை சொல்றதுல நமக்கென்னங்க கொறஞ்சு போயிருது?"

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. பஸ்ஸில் நம் காலை ஒருவர் மிதித்தால் நாம்தான் 'பாத்துங்க' என்று சொல்லிக் காலை இழுத்துக்கொள்வோம். மெஷினுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

சமையல்காரர் பேர்

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெசிந்தா. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் மிக்ஸிங் வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணமெல்லாம் கேசட்டில் இருந்தது. மணமக்கள் முகத்தைத் தாமரைப் பூவுக்குள் வைப்பது, இதயத்துக்குள் வைத்துச் சுழல விடுவது எல்லாம் என் கைவேலைதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அதற்காகவே எங்கள் ஸ்டுடியோவைத் தேடி வந்தார்கள்.

கேசட்டின் தொடக்கத்தில் ஸ்டுடியோ பெயர் வரும், முதலாளி பெயர் வரும், கேமராக்காரர் பெயர் வரும். ஒரு தடவை 'எடிட்டிங்: ஜெசிந்தா' என்று பொடி எழுத்தில் சேர்த்துப் பார்த்தேன். முதலாளி அதைப் பார்த்துக் கோபப்படக்கூட இல்லை. சிரித்தார்.

"ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில சமையல்காரர் பேரா போடறாங்க? அழிச்சுரும்மா."

அழித்துவிட்டேன். சொந்தமாக எடிட்டிங் ரூம் போட்ட பிறகும் என் பெயரை எதிலும் போட்டதில்லை. யாராவது கேட்டால், அதெல்லாம் எதற்கு என்பேன்.

அங்கே படிந்த இன்னொரு பழக்கம் உருப்படியானது. கொங்குக் கல்யாணத்தில் சீர்களுக்கு, அதாவது சடங்குகளுக்கு, பஞ்சமில்லை. நீளம் கருதி ஏதாவது ஒரு சீரை வெட்டிவிட்டால் போதும், அந்தப் பக்கத்து ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் கேசட்டோடு ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்கும். "நாங்க வரவே இல்லைன்னு நாளைக்குச் சொல்லிப்போட மாட்டாங்களா?" என்று சண்டை. அதனால் வெட்டாத மூலப் பதிவை, ரா ஃபுட்டேஜை, நான் எந்தக் காலத்திலும் அழிப்பதில்லை. நகை வாங்க வேண்டிய காசுக்கெல்லாம் ஹார்ட் டிஸ்க் வாங்கி அடுக்கியிருக்கிறேன் என்று என் தங்கை கிண்டல் செய்வாள்.

எம்பேரு எப்புடீங்க போகும்?

கம்பெனியின் பதில் வந்தது. தவறு நடந்ததை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், எனவே கிளைம் நீடிக்கும். பழனிசாமியின் மன்னிப்பை அவருக்கே எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

மிச்சம் இருந்த வழி அப்பீல். அதில் தோற்றால் வீடியோ போய்விடும், சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் விழும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் சேனலையே மூடிவிடுவார்கள். இதைப் போனில் பேசக் கூடாது என்று கருமத்தம்பட்டிக்கே போனேன். குடோனை ஒட்டிய ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து, அந்தப் பாட்டில் எந்த இடம் நம்முடையதோடு பொருந்துகிறது என்று கிளைமில் குறித்திருந்தார்களோ அதை மட்டும் போட்டுக் கேட்டோம். தறி ஓடியது. வேறொன்றும் இல்லை. நம் வீடியோ முதலில் வந்தது என்று தேதியைக் காட்டலாம். ஆனால் அவர்கள் பதிவு செய்தது வேறு தறி என்று சொல்லிவிட்டால்?

"தறின்னா தறிங்க்கா. இங்க ஓடுனாலும் இதே சத்தம், பல்லடத்துல ஓடுனாலும் இதே சத்தம்" என்றார் பழனிசாமி. "எதுக்குங்க வம்பு? வீடியோவ எடுத்துப்போட்டு நிம்மதியா இருக்கலாம்."

பரமேஸ்வரிக்கு அதில் சம்மதமில்லை. பேச ஆரம்பித்தபோது தறிக்காரர்களின் வழக்கப்படி சத்தமாகத்தான் பேசினார்.

"கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து நெய்யறனுங்க்கா. நான் நெய்ஞ்ச துணிய எத்தனை ஊட்டுல கட்டிட்டு இருப்பாங்க? ஒரு துணியிலயாச்சும் எம்பேரு இருக்குதுங்களா? இந்த வீடியோவுக்குக் கீழதான் மொதமொதல்ல எம்பேரப் பாத்தேன். இப்ப அதுக்கும் கீழ எவனோ பேரு வந்து உக்காந்துட்டு இருக்குது. காசு போனாப் போகுதுங்க. எம்பேரு எப்புடீங்க போகும்?"

நான் பதில் சொல்வதற்குள் குடோனுக்குள் இருந்து ணங், ணங், ணங் என்று மூன்று அடி கேட்டது.

டீ வந்துவிட்டது என்று அர்த்தம். சரஸ்வதி என்கிற சரசக்கா தெருமுனையில் டீக்கடை வைத்திருப்பவர். கேனில் டீ கொண்டுவருவார். தறி ஓடும்போது 'டீ வந்துருச்சு' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. இரும்புக்கு இரும்புதான் சரி என்று, ஷெட்டின் இரும்புத் தூணில் ஒரு பழைய ஸ்பேனரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதை எடுத்துத் தூணில் மூன்று அடி அடித்தால் டீ. மூச்சு விடும் நேரம் நிறுத்தி இன்னொரு அடி விழுந்தால், இன்றைக்கு வடையும் உண்டு.

அன்றைக்கு நான்காவது அடி விழவில்லை. தறி ஓட்டுகிறவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து டீயை வாங்கிக் குடித்தார்கள்.

பல்லடத்துக் கல்யாணம்

அப்பீல் போடுவதா வேண்டாமா என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பல்லடத்தில் பரமேஸ்வரியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். குடோன் ஆட்கள் மொத்தப் பேரும் வந்திருந்தார்கள். சரசக்காவும் பட்டுச்சேலையில் வந்திருந்தார். எனக்கும் அழைப்பு. மண்டபத்தில் எங்கள் கும்பலைக் கண்டுபிடிப்பது சுலபம். தறிக்காரர்கள் காதோடு காதாக ரகசியம் சொன்னால் மணமேடை வரைக்கும் கேட்கும்.

மாலை வரவேற்பில் டிஜே வைத்திருந்தார்கள். இளவட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ஐஸ்கிரீம் கப்போடு உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் தறி ஓடத் தொடங்கியது. ஆமாம், அதே 'இரும்பு மழை'. கல்யாணத்துக்கு வந்த இடத்திலும் இந்தச் சனியன் விடவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். தறிச் சத்தத்தின் மேல் மேளம் ஏறியது, இன்னும் என்னென்னவோ ஏறியது. பாட்டு உச்சத்துக்குப் போய் எல்லாம் ஒரு கணம் அடங்கியது.

ணங், ணங், ணங்.

எங்கள் வரிசையில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார். பாட்டு மூச்சு விடும் நேரம் நின்றது. பிறகு இன்னொரு ணங் விழுந்து, மண்டபமே அதிர ஆட்டம் தொடங்கியது.

"வடையோட!" என்று கத்தினார் பரமேஸ்வரி.

சரசக்கா கையிலிருந்த ஐஸ்கிரீமைக் கீழே வைத்தார். "ஆருங்க அது, என்ற ஸ்பேனரத் தொட்டது?"

நான் வயதை மறந்து ஓடினேன். டிஜே பையன் பயந்துபோய் சத்தத்தைக் குறைத்தான். மறுபடியும் போடச் சொன்னேன். மறுபடியும் எங்கள் ஆட்கள் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். தறி ஊருக்கெல்லாம் பொது என்று வைத்துக்கொள்ளலாம். சரசக்காவின் ஸ்பேனரும் வடையும் உலகத்தில் ஒரே ஒரு குடோனில்தான் இருக்கிறது.

"இந்தப் பாட்டு யாரு போட்டதுங்க?"

"நம்ம கோட்டைமேட்டு ரியாஸுங்க்கா. இப்ப எல்லாக் கல்யாணத்துலயும் இதுதான் ஓடுது."

பக்கத்தில்தான் இருக்கிறான்! ஏதோ கடல் கடந்த கம்பெனி என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். கோட்டைமேடு இதே கோயமுத்தூரில்தான் இருக்கிறது.

ரியாஸ்

மறுநாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிஜே பையனிடம் வாங்கிய நம்பருக்குப் போன் செய்தேன். ரியாஸ் சின்ன வயசுக்காரர். வீட்டு மாடியில் கம்ப்யூட்டரில் இசை அமைக்கிறவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலும் ஏறியது.

"நான் ஆருதையும் எடுக்கலீங்க. நெட்டுல காசு குடுத்து வாங்குன சவுண்ட் பேக்குங்க அது. கிளைமெல்லாம் கம்பெனிதான் போடுது, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

உண்மைதான். எவனோ பரமேஸ்வரியின் வீடியோவில் இருந்து சத்தத்தை மட்டும் உருவி, மற்ற சத்தங்களோடு கட்டி விற்றிருக்கிறான். இவர் நம்பி வாங்கிப் பாட்டில் சேர்த்திருக்கிறார். கம்பெனியின் மெஷின் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு, சத்தம் பிறந்த வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியிருக்கிறது.

"அந்த நாலாவது அடி இருக்குது பாருங்க," என்றார் ரியாஸ். "அதுக்காகத்தான் அந்த பேக்கையே வாங்குனேன். அந்த இடைவெளி அப்புடி ஒரு இடைவெளிங்க. ஆரு வாசிச்சாங்களோ, பெரிய கைங்க."

"அது வடைங்க தம்பி."

"என்னதுங்க?"

"கெளம்பி வாங்க. டீ குடிச்சுட்டுப் பேசலாம்."

வந்தார். ஆபீஸ் ரூமில் என் லேப்டாப்பில் ரா ஃபுட்டேஜைப் போட்டுக் காட்டினேன். தளத்தில் போட்ட வீடியோவில் தறி மட்டும் தெரியும்படி படத்தின் ஓரங்களை வெட்டியிருந்தேன், சத்தத்தை அப்படியே விட்டிருந்தேன். வெட்டாத பதிவில் ஓரமாக சரசக்கா வருகிறார், கேனைக் கீழே வைக்கிறார், ஸ்பேனரை எடுக்கிறார். மூன்று அடி. வடைத் தட்டை ஒரு பார்வை பார்க்கிறார். நான்காவது அடி.

ரியாஸ் இன்னொரு தடவை போடச் சொன்னார். அந்த நேரம் பார்த்து குடோனுக்குள் நேரிலேயே ணங், ணங், ணங் என்று விழுந்தது. மனிதர் எழுந்து உள்ளே ஓடினார். நான்காவது அடி விழும்போது தூணுக்கு எதிரில் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார். சரசக்கா அவர் கையில் ஒரு வடையை வைத்து, "நின்னுட்டே திங்காதீங்க கண்ணு, உக்காருங்க" என்றார்.

டீ குடித்து முடித்ததும் ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எல்லாம் உங்குளுதுதானுங்க. கம்பெனிகிட்ட அப்புடியே சொல்லிர்றேன். ஆனா சொன்னா பாட்டைத் தூக்கிருவாங்க. என்ற பாட்டுல மொதமொதல்ல ஓடுனது இதுதானுங்க."

நான் பரமேஸ்வரியைப் பார்த்தேன். கோபப்படுவதற்கு எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது.

"பாட்ட எதுக்குத் தம்பி தூக்கோணும்? நெம்ப நல்லாருக்குது. எங்க சத்தத்துக்கு உள்ள ஒரு பாட்டு இருக்குதுன்னு எங்களுக்கே தெரியல. எங்க பேரச் சேத்திப் போடுங்க, வர்றதுல பங்கு குடுங்க, எங்க வீடியோவ உட்ருங்க. அவ்வளவுதான்."

ரியாஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்னொரு வடையைக் கேட்டு வாங்கித் தின்றார்.

அனுமதியும் பங்கும் பேசி எழுதிக்கொண்டோம். ரியாஸே கம்பெனிக்கு எழுதினார், நான் ரா ஃபுட்டேஜை இணைத்தேன். கிளைமை விலக்கிக்கொண்டோம் என்று கம்பெனியிடம் இருந்து தகவல் வந்ததும் குடோனில் தறியை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் பழனிசாமி என் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்கக்கா, அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு நம்மனால எத்தனை வேலை. செரமம் குடுத்துட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வரி..."

பரமேஸ்வரி அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பேர் போடுதல்

புதிய பெயர்ப் பட்டியலோடு பாட்டை மறுபடி வெளியிட வேண்டும். அதே சமயம் இந்தக் கதையைச் சொல்லும் ஒரு வீடியோவும் பரமேஸ்வரியின் சேனலில் வர வேண்டும். எல்லோரும் ஆபீஸ் ரூமில் கூடினோம். ரியாஸ் தட்டெழுதிக்கொண்டே வாசித்தார். தறிச் சத்தம், பரமேஸ்வரி. இரும்புத் தாளம், சரஸ்வதி.

"நாலாவது அடி என்னுதில்லீங்களே," என்றார் சரசக்கா.

"நீங்கதானுங்க அடிச்சீங்க?"

"கைதானுங்க என்னுது. வடை என்ற மருமவ மல்லிகா சுட்டது. அவ சுடலீன்னா மூணோட நின்னுருக்கும். அவ பேரையும் போடோணும்."

"வடைக்கெல்லாம் பேரு போடுவாங்களாங்க?" என்று ரியாஸ் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் பழைய முதலாளி சொன்ன சமையல்காரர் கதையை எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், சரசக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணாலம் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுப் பத்திரிகைய ஆருங்க நெனச்சுட்டு இருக்காங்க? சாப்பாட்டத்தான பேசறாங்க? போடாம உட்டது அவங்க தப்புங்க அம்மணி."

ரியாஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு, 'வடை: மல்லிகா' என்று தட்டினார்.

பிறகு என் முறை. வீடியோவின் கடைசிக் காட்சியில் எல்லார் பெயரையும் ஏற்றி ஓட்டிக் காட்டினேன். பரமேஸ்வரி எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

"அக்கா, உங்க பேரு எங்கீங்க?"

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? நான் சும்மா வெட்டி ஒட்டறவ."

"அவரு மன்னிப்புக் கேட்டாருன்னு அன்னைக்கு அந்தக் குதி குதிச்சீங்க. நீங்க மட்டும் இத்தன வருசமா என்ன பண்ணீட்டு இருக்கறீங்க?"

பிள்ளைகளே, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. ரா ஃபுட்டேஜை அழிக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய சத்தமானாலும் அது எந்த ஊரில் பிறந்தது என்று விசாரியுங்கள். என்ன தப்பு என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்காதீர்கள். கடைசியாகச் சொல்வதை நானே அன்றைக்குத்தான் கற்றேன். பேர் போடாமல் ஒதுங்கிக்கொள்வதும் மன்னிப்புக் கேட்பது போலத்தான்.

டைம்லைனில் ஒரு வரி திறந்து 'எடிட்டிங்: ஜெசிந்தா' என்று அடித்தேன். கை பழக்கத்தில் எழுத்து பொடியாக வந்தது.

"தெரியலீங்க்கா. இன்னுஞ் சித்தப் பெருசா" என்றார் பரமேஸ்வரி.

பெரிதாக்கினேன். போதாது என்றார். இன்னும் பெரிதாக்கினேன். வடையும் நானும் ஒரே அளவுக்கு வந்ததும் சரி என்றார். எனக்கு எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சேவ் செய்தேன்.

சரசக்கா எழுந்து போய்விட்டிருந்தார். குடோனுக்குள் ணங், ணங், ணங் என்று விழுந்தது. ரூமில் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

நான்காவது அடியும் விழுந்தது.